சுவரில் தொங்கும் குடில்

பெங்களூர்த் தமிழர் இல்லங்களின் கூடச் சுவர்களை உற்று நோக்குவதை நாம் ஒரு பழக்கமாகவே கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் அச்சுவர்களில் முருகன் படமும், மறைந்த பெரியோர் படமும், மளிகைக் கடையார் அளித்த நாட்காட்டியும் இடம் பெற்றிருந்தன. இப்போதோ அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன, சுவர்களும் அகன்றுவிட்டன. அவற்றை நிறைப்பதற்கென்றே ஆறடி, ஏழடி அகலத்தில் நிழற்படங்கள் துணியில் அச்சாகி வருகின்றன. ஆண்டுதோறும் குமாரகிருபா சாலையில் கூடும் சித்திரச் சந்தையில் ஓவியங்களைக் கண்டு களித்துத் திரும்பும் நம்மவர் பலர், இறுதியில் வாங்கி மாட்டுவது என்னவோ இத்தகைய நிழற்படத்தைத்தான். விலை குறைவு என்பது ஒரு காரணம். ஊர் நினைவு என்பது மற்றொரு காரணம்.

அண்மையில் ஓசூர் சாலைப் பக்கம் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கிய புது வீட்டின் குடிபுகு விழாவுக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் சாய்விருக்கைக்கு மேலே அத்தகைய படம் ஒன்று தொங்கியது. நீலகிரியில் தோடர் கட்டும் குடில் அது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கூரை, அதன் முகப்பில் ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவே உள்ள வாயில், சுற்றிலும் கல்லடுக்கிய தாழ்சுவர், பின்னே மூடுபனி. வண்ணம் நீக்கப்பட்டுப் பழுப்பேறிய பழம்படம் போல் ஆக்கப்பட்டிருந்தது. காப்பியுடன் வந்த நண்பரின் துணைவியார், "அண்ணா, இதற்கு அடியில் பித்தளையில் ஒரு பெயர் பொறித்து மாட்டலாம் என்று இருக்கிறோம். நீங்கள்தான் தமிழ் எழுதுபவர். ஒரு நல்ல பெயராகச் சொல்லுங்கள்" என்றார். நண்பர் தம் மனத்தில் ஒரு பெயரை முன்பே வைத்திருந்தார். "ஆதித் தமிழர் இல்லம் என்று போட்டால் எப்படி இருக்கும், சார்?" என்று வினவினார். ஒரு வார காலம் தவணை கேட்டு வந்தோம். அந்த ஒரு வாரத்தில் அப்படத்தைப் பற்றி நாம் எண்ணியவையே இக்கட்டுரை.

முதற்கண் படத்தின் ஏற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை. அதனை எடுத்தவர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. குடிலின் கூரை வளைவும் அதன் பின்னே உள்ள குன்றின் வளைவும் ஒன்றையொன்று தழுவிச் செல்லுமாறு நிற்கும் இடத்தைத் தேர்ந்திருக்கிறார். புல்லின் ஒவ்வொரு கற்றையும் எண்ணிவிடலாம் போலத் தோன்றுகிறது. வெளிறிய முகப்பின் நடுவே வாயில் ஒரு கருஞ்சதுரமாய் நிற்க, கண் சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து சேர்கிறது. மலைக்குடில் என்றால் ஐரோப்பியர் தம் ஆல்ப்ஸ் மலை மேய்ச்சற் குடில்களைப் படமெடுத்து மாட்டுவார்கள். அவற்றுக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கண்ணுக்கு விருந்தளிப்பதோடு ஒரு படத்தின் கடமை முடிந்துவிடும் எனின், நாமும் இங்கேயே நின்றுவிடலாம்.

ஆயின், நெடுநேரம் நோக்குங்கால் ஒரு குறை உறுத்துகிறது. அப்படத்தில் ஆள் இல்லை, எருமையும் இல்லை. எருமையே உயிராய் வாழும் ஓர் இனத்தாரின் குடிலைக் காட்டும் படத்தில், ஒரு குளம்படியேனும் தென்படவில்லை. இது தற்செயலாய் நேர்ந்ததா?

இதனை உணரத் தோடரைப் படமெடுத்த வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும். 1819-இல் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வழி கண்டு, பின்னர் உதகையில் தோடர் நிலத்தை வாங்கிக் கல் மாளிகை எழுப்பினார். அது தொட்டே வெள்ளையர் கண் தோடர்மீது விழுந்துவிட்டது. ஹார்க்னஸ் என்னும் படைத்தலைவர் 1832-இலேயே அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நிழற்படக் கருவி மலையேறிய பின்னரோ சொல்ல வேண்டியதில்லை. இமயத்தைப் படமெடுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் போர்ன் 1860-களின் இறுதியில் இங்கும் வந்தார். உதகையிலேயே தொழில் நடத்திய பென் என்பாரும், சென்னையிலும் உதகையிலும் படக்கூடம் வைத்திருந்த நிக்கோலஸ் நிறுவனத்தாரும் தோடர் படங்களை எடுத்து விற்றனர். இந்தியாவிலிருந்து தாயகம் திரும்பிய வெள்ளையர் பலரின் படத்தொகுப்பில் ஒரு தோடர் குடில் ஒட்டப்பட்டிருக்கும்.

அக்காலத்துப் படமெடுப்பு எளிய தொழிலன்று. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அப்போதே இருட்டறைக் கூடாரத்துள் கழுவியாக வேண்டும். ஒளி குன்றிய மலையில் பல நொடிகள் கருவியின் கண் திறந்திருக்க வேண்டும். அதற்குள் எருமை வாலை ஆட்டினால் வால் மறைந்துவிடும். தலையைத் திருப்பினால் இருதலை எருமை ஆகிவிடும். அசையாமல் இருப்பது குடில் ஒன்றே. அதனால்தான் குடில் படக்காரர்களின் செல்லப் பொருளாயிற்று என்று நாம் கருதுகிறோம். ஆயினும் அவர்கள் மக்களை விட்டுவிடவில்லை. பூத்துக்குளி என்னும் போர்வை போர்த்திய தாடிக்கிழவரும், கூந்தலைச் சுருள் சுருளாய்த் தொங்கவிட்ட மங்கையரும், போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தைகளும் குடிலின் முன் வரிசையாய் அமர்த்தப்பட்டனர்.

அப்படங்களின் நோக்கம் தூயதென்று நாம் சொல்ல வரவில்லை. 1873-இல் வெளிவந்த மார்ஷல் என்பாரின் நூலை எடுத்துக்கொள்வோம். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவி ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஒரு பொய்ந்நூல் முறை அன்று பெருமதிப்புப் பெற்றிருந்தது. மார்ஷல் அம்முறையைக் கொண்டே தோடர் தலைகளை ஆராய்ந்து, படங்களுடன் நூலாக்கினார். (நம் ஊர்ச் சந்தையில் கிளி சீட்டு எடுக்கும். அது தலையைத் தடவாத அளவுக்கு நல்லதே.) அதே ஆண்டில் வெளிவந்த ப்ரீக்ஸ் ஆணையரின் நூலும் மலைமக்களைப் 'பண்டை இனங்கள்' என்று வகைப்படுத்திப் படங்காட்டியது. மனிதரை மாதிரிப் பொருளாய் வரிசைப்படுத்திய பிழை இவற்றுள் உண்டு. எனினும் ஒன்று கூறுவோம். அவ்வரிசையில் அமர்ந்த கிழவர் கருவியை நேராக நோக்குகிறார். அந்த நோக்கில் சலிப்பு உண்டு, ஏளனம் உண்டு, தம் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்னும் நிமிர்வும் உண்டு. நண்பரின் சுவரில் தொங்கும் படத்தில் நம்மைத் திருப்பி நோக்குவார் எவருமில்லை. அயலார் எடுத்த படங்களில் இருந்தவர்களை, நம்மவர் காலத்துப் படம் வெளியே அனுப்பிவிட்டது. கூடத்தின் அழகுக்கு மனித முகம் இடையூறு போலும்!

இனி நண்பர் விரும்பிய பெயருக்கு வருவோம். அதில் மூன்று சொற்கள்; மூன்றிலும் வழுவுண்டு.

'இல்லம்' என்பதை முதலில் நோக்குவோம். படத்தை மீண்டும் சென்று பார்த்தோம். குடில் தனித்து நிற்கிறது. அதனைச் சுற்றிய கற்சுவர் முழுவட்டமாய்ச் சூழ்ந்து ஒரே ஒரு குறுவழி விடுகிறது. முகப்புக் கல்லில் ஞாயிறும் திங்களும் எருமைத்தலையும் செதுக்கப்பட்டுள்ளன. தோடர் வீடும் தோடர் கோயிலும் வடிவில் ஒத்தவை. கோயில் குடியிருப்பினின்று விலகி, சுவருக்குள் காவலாய் நிற்கும் என்பதே பெரும்பாலும் வேறுபாடு. அவர்தம் கோயிலென்பது பாற்சாலை. தெய்வத்துக்குரிய எருமைகளின் பாலைக் கறந்து, உறையிட்டு, கடைந்து வெண்ணெயாக்கும் பணியே அங்கு வழிபாடு. அதனைச் செய்பவரே பூசகர். அவர் தவிரப் பிறர் நுழைதல் கூடாது. தோடர் மகளிர் நெருங்குவதற்கும் எல்லை உண்டு. 1901-இல் நீலகிரிக்கு வந்து தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இப்பாற்சாலைகளின் படிநிலைகளுக்கே பல இயல்களை ஒதுக்கியிருக்கிறார். அவ்வளவு காவலுக்குட்பட்ட ஒரு கருவறையைத்தான் நண்பர் 'இல்லம்' என்று எண்ணிச் சாய்விருக்கைக்கு மேல் மாட்டியிருக்கிறார். நம் ஊர்க் கோயிலின் மூலத்தானத்தைப் படமெடுத்து ஒருவர் 'பழைய வீடு' என்று தம் கூடத்தில் மாட்டினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

'தமிழர்' என்பது அடுத்த சொல். தோடர் மொழி தமிழன்று. கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் அதனைத் திராவிட மொழிகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். எமனோ என்னும் அறிஞர் 1930-களில் மலையில் தங்கி அவர்தம் பாடல்களைச் சேகரித்து, 1971-இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பிறப்பு, திருமணம், இறப்பு, எருமையின் சிறப்பு என எந்நிகழ்ச்சிக்கும் அப்போதைக்கப்போது பாட்டுக் கட்டும் மரபு அவர்களுக்கு உண்டு. இரண்டாயிரம் பேர் அளவிலான ஒரு சிறுகுடி இத்தனை பாடலுக்கும் உரிமை உடையது என்றால், அஃது அவர்தம் செல்வமே. உடன்பிறந்த மொழியினர் என்று உறவு கொண்டாடலாம். நம் பாட்டனாராக்கிக் கொள்ளுதல் தகாது. கன்னட நாட்டில் சிறுபான்மையாய் வாழும் நாம், நம் மொழியை எவரேனும் வேறொன்றன் பழைய வடிவம் என்று சொன்னால் எத்துணை வெகுள்வோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, 'ஆதி'. இச்சொல்தான் நம்மை நெடுநாள் தூங்கவிடாமல் செய்தது. அதனை விளக்க நம் இலக்கியத்திலிருந்து ஒரு குடிலைக் கொணர்ந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆயர் குடில் ஒன்றைக் காட்டுகிறார். கழிகளைச் செறியக் கட்டிய கதவும், கற்றைகளால் வேய்ந்த கூரையும் அங்கும் உண்டு. ஆயின் புலவர் கூரையோடு நின்றுவிடவில்லை. வாயிலில் தோற்படுக்கையில் ஒருவன் காவலாய்த் துயில்கிறான். முற்றத்தில் குறுந்தறிகள், அவற்றில் நெடிய தாம்புகள். விடியலில் தயிர் கடையும் ஓசை புலியின் முழக்கம்போல் எழுகிறது. வீட்டுத் தலைவி மோர்ப்பானையைச் சுமந்து சென்று விற்று, வந்த கூலத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வேண்டாமென்று மறுத்து, எருமையும் பசுவுமாகப் பெற்றுக்கொள்கிறாள். இவ்வொரு செய்தியிலேயே அக்குடிலின் பொருளாதாரம் முழுவதும் அடங்கிவிட்டது. பொன் கன்று ஈனாது என்பது அவளுக்குத் தெரியும்.

இப்பாட்டின் குடிலையும் படத்தின் குடிலையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். புலவர் காட்டிய குடில் அவர் காலத்தில் பழையதன்று. அது நேற்று வேய்ந்தது, இன்று ஓசை எழுப்புவது. படமோ பழமையை மட்டுமே காட்ட விரும்புகிறது. அதற்காகவே வண்ணத்தை நீக்கினார்கள், ஆளை நீக்கினார்கள், இற்றுப்போன புல்லை நெருங்கி நெருங்கிக் காட்டினார்கள். ஆனால் புல்லும் மூங்கிலும் பிரம்பும் கொண்டு கட்டிய குடில் ஆதிகாலந்தொட்டு நிற்கவியலுமா? நீலகிரியின் மழையில் சில ஆண்டுகளுக்கு மேல் கூரை தாங்காது. தோடர் ஆடவர் ஒன்றுகூடிப் பழம்புல்லைக் களைந்து புதுப்புல் வேய்கிறார்கள். வேய்ந்ததால்தான் அது நிற்கிறது. அக்குடிலில் பழையது வடிவமும் கைப்பழக்கமும். புல் எப்போதும் புதிதே. படக்காரர் தேர்ந்தெடுத்த நேரம், கூரை மாற்ற வேண்டிய நேரம். அதனை அவர் தொன்மையின் அழகு என்று நமக்கு விற்றுவிட்டார்.

அப்புல்லைப் பற்றியும் ஒரு சொல். கோயிலுக்கு எந்தப் புல்லும் ஆகாது. மலையின் சதுப்பு நிலங்களில் மட்டும் வளரும் ஒருவகைப் புல் அதற்கென்று உண்டு. தாவரவியலார் அதற்கு இட்ட பெயரில் ரங்காச்சாரி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புல் இன்று அருகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிச் சீகையும் தைலமரமும் புல்வெளிகளை மூடின, தேயிலையும் உருளைக்கிழங்கும் சரிவுகளையும் பள்ளங்களையும் பிடித்தன, சதுப்புகள் வடிக்கப்பட்டன, நீர்மின் அணைகள் பள்ளத்தாக்குகளை நிறைத்தன. புல்வெளி போனால் எருமை போகும். எருமை போனால் பாற்சாலைக்கு வேலை இல்லை. சதுப்புப் போனால் அதற்குக் கூரையும் இல்லை. இன்று தோடர் பெரும்பாலும் நம்மைப் போன்றே செங்கல் வீடுகளில் வாழ்கின்றனர். அதில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கோயில்களைப் பழைய வடிவில் வேய்வதை மட்டும் விடாது செய்கின்றனர். ஒரு கூரைக்கு வேண்டிய புல்லைத் தேடி நெடுந்தொலைவு நடக்கின்றனர். படத்தின் சட்டத்துக்குச் சற்று வெளியே நடப்பது இது. கருவியை இரண்டு முழம் இடப்பக்கம் திருப்பியிருந்தால் ஒரு தைலமரமேனும் விழுந்திருக்கும் என்பதே நம் ஐயம்.

இவ்வளவும் எழுதிய பின், நம் வீட்டுச் சுவரை நோக்காமல் இருக்க முடியவில்லை.

நம் வாடகை வீட்டின் கூடத்திலும் ஒரு படம் உண்டு. வடார்க்காட்டுச் சிற்றூரில் நாம் பிறந்த கூரை வீடு அது. தந்தையார் இருந்தவரை, இரண்டாண்டுக்கொரு முறை கோடையில் கூரையைப் பிரித்துக் கரும்புத் தோகையால் வேய்வார். முகட்டின்மேல் அவர் அமர்ந்திருக்க, கீழிருந்து கற்றைகளை வீசுவது சிறுவராயிருந்த நம் வேலை. ஒரு கற்றை குறி தவறினால் மேலிருந்து வசை பொழியும். மைய அரசுப் பணி கிடைத்துப் பெங்களூர் வந்தோம். தந்தையார் மறைந்தார். தமையனார் ஓசூரில் வேலைக்குப் போனார். ஒரு பொங்கலுக்குச் சென்றபோது, கூரை ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. அதைக் கண்டு நாம் செய்தது யாது? கைப்பேசியில் ஒரு படம் எடுத்தோம். மாலை வெயில் கூரைமேல் சாய்ந்து மிக அழகாக இருந்தது. அடுத்த கோடையில் வேய்ந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டு கோடைகள் சென்றன. 2015-ஆம் ஆண்டுக் கார்த்திகைப் பெருமழையில் மண்சுவர் ஊறி, வீடு முழுவதும் அமர்ந்துவிட்டது. அதன்பின் அப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டினோம். வருவோரெல்லாம் பாராட்டுகின்றனர். நம் மகள் மட்டும் ஒருமுறை, "அப்பா, இது இடிவதற்கு முன்பே எடுத்ததா? அப்போதே ஓட்டை இருக்கிறதே, ஏன் அடைக்கவில்லை?" என்று கேட்டாள். விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னோம். அது பொய், ஈட்டிய விடுப்பு அறுபது நாள் நம் கணக்கில் அப்போது இருந்தது.

ஆகவே தோடர் குடிலின் படத்தைக் குறை சொல்லும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்பதைப் படிப்போரே முடிவு செய்க. படம் எடுத்தவராவது அயலார். வேய வேண்டிய கடமை அவருக்கில்லை. நாமோ ஏணியில் ஏற வேண்டியவர். அவர் நின்ற இடத்தில் நாமும் நின்று, நல்ல கோணம் தேடினோம்.

வாரம் முடிந்து நண்பரிடம் சென்றோம். பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: 'தோடர் பாற்சாலைக் கோயில், நீலகிரி. கூரை மாற்றுவதற்கு முன்'. நண்பர் இருமுறை படித்தார். "இதில் ஒரு நயமும் இல்லையே, சார்" என்றார். அவர் துணைவியார், கோயில் என்றால் சாய்விருக்கைக்கு மேல் இருக்கலாமா, காலை நீட்டிப் படுக்கிறோமே என்று கவலைப்பட்டார். அக்கவலை நம் கட்டுரை முழுவதையும்விடப் பெரிதென்று அப்போது தோன்றிற்று.

பித்தளைப் பட்டயம் இன்றுவரை பொறிக்கப்படவில்லை. படத்தை மட்டும் எதிர்ச் சுவருக்கு, பூசை அறையின் பக்கத்துக்கு, மாற்றியிருக்கிறார்கள். வரும் கோடை விடுமுறையில் மைசூர், கூடலூர் வழியாக இரு குடும்பமும் உதகை செல்வதாக இருக்கிறோம். தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஒரு தோடர் மந்து உண்டு. அங்கே வெளியே நின்று பார்க்கலாம் என்று அவ்வம்மையாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். போகும் வழியில் அல்ல என்றாலும், திரும்பும்போது நம் ஊருக்கும் இரண்டு நாள் சென்றுவர விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். வீடிருந்த மனையில் எருக்கு முளைத்திருப்பதாகத் தமையனார் எழுதியிருக்கிறார்.